எல்டாம்ஸ் ரோடு வக்கீலும் பைக்காரா மின்சாரமும்

நீலகிரியில் கிளென்மார்கனுக்கும் சிங்காராவுக்கும் நடுவே மலை செங்குத்தாக இறங்குகிறது. மேலே பைக்காரா ஆற்றுத் தண்ணீர். கீழே காட்டை ஒட்டி மின் நிலையம். இடையில் ஏறத்தாழ மூவாயிரம் அடி. இரும்புக் குழாய்களுக்குள் அந்த உயரத்திலிருந்து பாய்ந்த தண்ணீர் 1932-ல் முதன்முதலாக டர்பைன்களைச் சுழற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் கோயம்புத்தூர்ச் சீமையில் நூற்பு மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மாடு கட்டிக் கவலை இறைத்த தோட்டங்களில் மோட்டார் பம்புசெட்டின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

இந்தத் திட்டத்துக்காகக் கோட்டையில் வாதாடி, பணம் ஒதுக்க வைத்து, நிலம் வாங்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பொறியாளர் அல்ல. எல்டாம்ஸ் ரோட்டில் ‘தி குரோவ்’ என்ற தோப்பு வீட்டில் வாழ்ந்த ஒரு மதராஸ் வக்கீல். சேத்துப்பட்டு பட்டாபிராம ராமசாமி ஐயர் என்று முழுப் பெயரையும் யாரும் சொல்வதில்லை. ‘சர் சி.பி.’ என்றால் போதும்.

கேரளத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சென்னையில் அது ஒரு சாலையின் பெயர், ஒரு கலை மையத்தின் பெயர். கோவை விவசாயிக்கோ அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் தாத்தாவின் கிணற்றுக்கு மின்சாரம் வந்தது, அவ்வளவுதான். மூன்றில் அதிகம் பேசப்படாதது மூன்றாவது. சி.பி. செய்த காரியங்களில் நீடித்து நிற்பதும் அதுவே.

அப்பா சொன்ன தொழில்

1879 நவம்பர் 12-ல் வந்தவாசியில் பிறந்தவர் சி.பி. தந்தை சி.ஆர்.பட்டாபிராம ஐயர் சட்டத் துறைக்காரர், கண்டிப்பானவர். வெஸ்லி பள்ளி, மாநிலக் கல்லூரி என்று படித்த மகனுக்கு ஆங்கிலப் பேராசிரியராக வேண்டும் என்று ஆசை. தந்தையின் தீர்ப்பு வேறு. மகன் சட்டக் கல்லூரிக்குப் போனார்.

திருமணமும் அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே முடிந்துவிட்டது. 1895-ல் சீதம்மாளைக் கைப்பிடித்தபோது மாப்பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயது. சீதம்மாள், பல மொழிகளில் வல்லவராக மதராஸில் பெயர்பெற்ற சி.வி.ரங்கநாத சாஸ்திரியின் பேத்தி. சீதம்மாளின் சகோதரர் சி.வி.குமாரசுவாமி சாஸ்திரி பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர். அரசுக்கு எதிரான கிளர்ச்சிகளை அடக்க வழி ஆராய்ந்த ரௌலட் குழுவில் உறுப்பினராகவும் இருந்தவர். மைத்துனர் அந்தக் குழுவில் அமர்ந்திருந்த காலத்தில் சி.பி. சுயாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கத்தின் மேடைகளில் பேசிக்கொண்டிருந்தார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு அரசியல்!

சி.பி. தொழிலுக்குள் நுழைந்தபோது மயிலாப்பூர் வக்கீல்களின் கொடி உயரப் பறந்தது. சர் எஸ்.சுப்பிரமணிய ஐயர், சர் வி.பாஷ்யம் ஐயங்கார், பி.ஆர்.சுந்தரம் ஐயர் என்று லஸ் வட்டாரத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பெரிய பெயர். அவர்களில் வி.கிருஷ்ணசாமி ஐயரிடம் சி.பி. தொழில் பழகினார். மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியை 1906-ல் நிறுவிய அதே கிருஷ்ணசாமி ஐயர்தான். சட்டம் தெரிந்தவன் நீதிமன்றத்தோடு நின்றுவிடாமல் ஊருக்கு ஏதாவது கட்டிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வட்டாரத்தில் வலுவாக இருந்தது. வங்கி, நூலகம், கல்லூரி என்று சீனியர்கள் கட்டினார்கள். ஜூனியருக்கு வாய்த்தவை அணையும் மின் நிலையமும்.

அடையாறு வழக்கு

சி.பி.யை ஊரறிய வைத்தது ஒரு குடும்ப வழக்கு. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் குடியிருந்த ஜி.நாராயணய்யா, தன் இரு மகன்களின் பொறுப்பைச் சபைத் தலைவர் அன்னி பெசன்டிடம் ஒப்படைத்திருந்தார். அவர்களில் ஒருவர் பின்னாளில் தத்துவ ஞானியாகப் புகழ்பெற்ற ஜே.கிருஷ்ணமூர்த்தி. பிள்ளைகள் வளர்க்கப்படும் விதம் பிடிக்காமல் தந்தை அவர்களைத் திருப்பிக் கேட்டார்; பெசன்ட் மறுத்தார். 1912-ல் விவகாரம் கோர்ட்டுக்கு வந்தது. தந்தைக்காக ஆஜரானவர் முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்த சி.பி.; எதிர்த்தரப்பில் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார் பெசன்ட்.

1913-ல் உயர் நீதிமன்றத்தில் தந்தை பக்கம் தீர்ப்பு வந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1914-ல் அதை மாற்றிவிட்டது. ஆனால் வழக்கு ஏற்படுத்திய பகை நீடிக்கவில்லை. சில வருடங்களிலேயே பெசன்டின் ஹோம் ரூல் லீக்கில் சி.பி. முக்கியஸ்தர்! 1917-ல் அரசு பெசன்டைப் பிடித்து உதகமண்டலத்தில் வைத்தபோது, வெளியே இயக்கத்தைத் தாங்கியவர்களில் அவரும் ஒருவர். காங்கிரஸின் பொதுச் செயலாளர் பொறுப்பும் அந்தக் காலத்தில் அவருக்கு வந்தது.

காங்கிரஸ் பிறகு ஒத்துழையாமைப் பாதையில் திரும்பியது. சி.பி. அந்தப் பக்கம் போகவில்லை. கோர்ட்டையும் சட்டசபையையும் புறக்கணிப்பது என்பது அவருடைய சுபாவத்துக்கே ஒவ்வாத யோசனை. 1920-ல் அட்வகேட் ஜெனரல் ஆனார். நீதிபதிப் பதவி தேடி வந்தும் மறுத்தார். தினமும் சில மணி நேரம் அபத்தமாகப் பேசுவது, நாளெல்லாம் பிறர் பேசும் அபத்தத்தைக் கேட்பதைவிட மேல் என்று அதற்கு அவர் காரணம் சொன்னதாக வக்கீல்கள் வட்டாரத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

லா மெம்பரின் மேசை

1923-ல் அவர் கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர் ஆனார். ‘லா மெம்பர்’ என்பது அன்றைய பேச்சு வழக்கு. அப்போது மதராஸில் நடந்தது இரட்டையாட்சி. கல்வி, உள்ளாட்சி போன்ற துறைகள் நீதிக்கட்சி அமைச்சர்களிடம். நிதி, போலீஸ், பாசனம் போன்றவை கவர்னரின் நிர்வாக சபையிடம். முதலமைச்சர் பனகல் அரசர் ஆட்சியில் நீண்ட ஏரியைத் தூர்த்து மாம்பலத்தில் தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சி.பி.யின் மேசைக்கு வந்து சேர்ந்தவை ஆறுகளும் துறைமுகங்களும் மின்சாரமும்.

சென்னை நகரத்துக்கு மின்சாரம் புதிதல்ல. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் 1895-ல் ஓடியது இந்த ஊரில்தான். பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்து, மதராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி நகரத்துக்கு விளக்கேற்றியது. ஆனால் லாபம் கிடைக்கும் இடத்துக்குத்தான் கம்பெனி கம்பி இழுக்கும். நகரத்தைத் தாண்டினால் இருட்டு. கிராமத்துக் கிணற்றுக்கும் சிறு பட்டணத்து ஆலைக்கும் மின்சாரம் போக வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

முன்மாதிரிகள் இரண்டு இருந்தன. கோலார் தங்க வயலுக்காக மைசூர் அரசு 1902-லேயே சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்துவிட்டது. பம்பாய் மில்களுக்காக டாட்டா நிறுவனம் 1915-ல் கொப்போலியில் நீர்மின் நிலையத்தைத் திறந்திருந்தது. ஒன்று அரசு வழி, மற்றது கம்பெனி வழி. பைக்காராவில் மதராஸ் தேர்ந்தெடுத்தது அரசு வழியை. 1927-ல் மின்சாரத்துக்கென்றே அரசுத் துறை ஒன்று பிறந்தது. ஹெச்.ஜி.ஹோவர்டு அதன் தலைமைப் பொறியாளர்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. கோவைப் பக்கம் நிலம் வாங்குவதில் அரசுப் பணம் வீணாகிறது என்று குரல்கள் எழுந்தன. மின்சாரத்தை உற்பத்தி செய்துவிட்டு யாருக்கு விற்பது என்ற கேள்வியும் இருந்தது. அன்றைய கணக்குப்படி அது நியாயமான சந்தேகம்தான். மில்கள் பெருகுவதற்கு முன்பே அரசு மின் நிலையத்தைத் திட்டமிட்டிருந்தது. 1928-ல் சி.பி. பதவியிலிருந்து இறங்கினார். பெரிய கட்டுமானம் 1929-ல்தான் வேகம் பிடித்தது. 1932-ல் மின்சாரம் வந்தபோது கோவையில் மில் தொடங்கப் போட்டி ஏற்பட்டது. பைக்காரா நிலையம் படிப்படியாக விரிந்து 59.2 மெகாவாட்டை எட்டியது.

ஒப்பந்தமே அஸ்திவாரம்

அணைக்கும் மின் நிலையத்துக்கும் வக்கீல் எதற்கு? மேட்டூர் கதை இதற்கு நேரான பதில்.

காவிரியில் கண்ணம்பாடியில் மைசூரும் மேட்டூரில் மதராஸும் அணை கட்ட நினைத்தன. மேலே தேக்கினால் கீழே தஞ்சாவூர் வயலுக்கு என்ன மிஞ்சும்? 1910-ல் தொடங்கிய தகராறு. 1914-ல் வந்த மத்தியஸ்தர் தீர்ப்பு நிலைக்கவில்லை. கடைசியில் 1924 பிப்ரவரியில், சி.பி. சட்ட உறுப்பினராக இருந்த காலத்தில், இரு அரசுகளுக்கும் உடன்பாடு கையெழுத்தானது. 1925-ல் மேட்டூர் வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது, 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளளவு. 1937-ல் அந்த அணையிலிருந்தும் மின்சாரம் கிடைத்தது. பொறியாளர் எத்தனை நேர்த்தியாக வரைபடம் போட்டாலும், தண்ணீர் யாருடையது என்பது தீராமல் ஒரு கல்லைக்கூட வைத்திருக்க முடியாது.

கொச்சி துறைமுகமும் அப்படித்தான். மதராஸ், கொச்சி, திருவிதாங்கூர் என்று மூன்று அரசுகளின் நலன்கள் சிக்கிக்கொண்ட இடம் அது. யார் எவ்வளவு பணம் போடுவது, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தால்தான் தூர்வாரும் கப்பல் நகரும். இந்த மாதிரி வேலைகளில்தான் சி.பி. கைதேர்ந்தவர்.

இன்று சென்னையில் மின்துறை வழக்குகளை மட்டுமே நடத்தும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மின்கொள்முதல் ஒப்பந்தம், கட்டண மனு, காற்றாலைக்காரருக்கும் வாரியத்துக்கும் இடையே பாக்கித் தகராறு என்று அவர்கள் கட்டுகள் தடித்திருக்கும். 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அவர்களுக்குப் பாடப் புத்தகம். 1999-ல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அவர்களுடைய களம். சி.பி. காலத்தில் இருந்ததோ 1910-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மட்டும். ஆணையம் கிடையாது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கிடையாது. மின்சார வாரியமே 1957-ல்தான் வந்தது.

திவானின் வெளிச்சம், திவானின் இருட்டு

1936 அக்டோபரில் சி.பி. திருவிதாங்கூர் திவான் ஆனார். அதற்கு முன்பே மன்னருக்குச் சட்ட ஆலோசகர். திவானான அடுத்த மாதமே, அவருடைய பிறந்தநாளான நவம்பர் 12-ல், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. 1937-ல் பல்கலைக்கழகம், 1938-ல் அரசுப் பேருந்து, 1944-ல் மரண தண்டனை ஒழிப்பு என்று காரியங்கள் தொடர்ந்தன.

மின்சாரம் அங்கும் அவரை விடவில்லை. மூணாறு மலையில் முதிரப்புழை ஆற்றில் பள்ளிவாசல் நீர்மின் திட்டம் அவர் திவானாவதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1940-ல் அது இயங்கத் தொடங்கியபோது, அந்த மின்சாரத்தை என்ன செய்வது என்பதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. ஆலுவாப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. இந்தியாவின் முதல் அலுமினியக் கட்டி 1943-ல் அங்கே அலுபுரத்தில் வார்க்கப்பட்டது. அதே ஆண்டு, திருச்சியில் மின் வினியோகம் நடத்திப் பெயரெடுத்த சேஷசாயி சகோதரர்களின் முயற்சியில் ‘ஃபாக்ட்’ உர நிறுவனம் பதிவானது. விறகை வாயுவாக்கி உரம் தயாரித்தார்கள். உற்பத்தி 1947-ல் தொடங்கியது.

மதராஸில் சி.பி.யை எதிர்த்துப் பேச சட்டசபை இருந்தது, பத்திரிகை இருந்தது, உயர் நீதிமன்றம் இருந்தது. திருவிதாங்கூரில் திவானுக்கு மேலே மன்னர் மட்டுமே. வித்தியாசம் சீக்கிரமே தெரிந்தது.

1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டது. அதை நடத்திய சி.பி.மாத்தனும் கே.சி.மாம்மன் மாப்பிளையும் சிறைக்குப் போனார்கள். மாம்மன் மாப்பிளையின் ‘மலையாள மனோரமா’ நாளிதழுக்கு அதே ஆண்டு பூட்டு விழுந்தது. பொறுப்பாட்சி கேட்ட போராட்டத்தை அது ஆதரித்திருந்தது. வங்கியின் நிதி நிலைமைதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. பழிவாங்கல் என்றே கேரளத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள். சொத்திழந்த அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளில் ஒருவர், சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் படித்த கே.எம்.மாம்மன் மாப்பிளை, 1946-ல் திருவொற்றியூரில் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கினார். அது வளர்ந்து எம்.ஆர்.எஃப். ஆனது.

அதைவிடப் பெரிய ரணம் புன்னப்புரை-வயலார். அமெரிக்க பாணியில், சட்டசபை கலைக்க முடியாத நிர்வாகத்தைத் திவான் முன்வைத்தபோது, ‘அமெரிக்கன் மாடல் அரபிக் கடலில்’ என்று தொழிலாளிகள் முழங்கினார்கள். 1946 அக்டோபரில் ஆலப்புழைக் கடலோரத்தில் கயிற்றுத் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள்மீது ராணுவமும் போலீஸும் சுட்டன. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் கணக்குகள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அணையும் ஆலையும் கட்டிய நிர்வாகம் என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது.

1947 ஜூனில், பிரிட்டிஷார் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடு என்று சி.பி. அறிவித்தார். கடலோர மணலில் தோரியம் கலந்த மோனசைட் கிடைப்பதும் அந்தக் கணக்கில் ஓர் அம்சம். அணுயுகம் பிறந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது. ஜூலை 25 இரவு, திருவனந்தபுரத்தில் சங்கீதக் கச்சேரி முடிந்து கிளம்பியவரை கே.சி.எஸ்.மணி என்ற இளைஞர் வெட்டினார். முகத்தில் பலத்த காயம். உயிர் தப்பினார். சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு இணையச் சம்மதித்தது. ஆகஸ்ட் 19-ல் அவர் பதவி விலகினார்.

தோப்பு வீடு

அறுபத்தெட்டு வயதை நெருங்கியவருக்கு இன்னும் ஏறத்தாழ இருபது வருட வாழ்க்கை மிச்சமிருந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர், 1960-களின் தொடக்கத்தில் இந்து சமய அறநிலையங்களை ஆராய்ந்த ஆணையத்துக்குத் தலைவர் என்று ஓய்வில்லாமல் இருந்தார்.

மகன்கள் மூவர்: பட்டாபிராமன், வெங்கடசுப்பன், சுந்தரம். மூத்தவர் சி.ஆர்.பட்டாபிராமனும் வக்கீல், கும்பகோணத்திலிருந்து மக்களவைக்குப் போய் மத்திய அமைச்சரவையிலும் இடம்பெற்றார். தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை கறுப்புக் கோட்டு.

வெளியே திவானாகவும் சட்ட உறுப்பினராகவும் தெரிந்தவர் வீட்டில் எப்படி இருந்தார் என்பதற்குப் பேத்தி சகுந்தலா ஜெகந்நாதன் எழுதிய நூல் சாட்சி. சுற்றுலாத் துறை அதிகாரியாக இருந்த அவர், ‘சர் சி.பி. ரிமெம்பர்டு’ என்ற தலைப்பில் 1999-ல் தாத்தாவைப் பற்றி எழுதினார். குடும்பத்தார் எழுதியது என்பதால் அதில் பாசம் தூக்கலாகத்தான் இருக்கும். ஆனால் சி.பி.யின் அரசியலை மட்டுமே எடைபோடும் புத்தகங்களில் கிடைக்காத மனிதர் அங்கேதான் கிடைக்கிறார். கேரளத்து வரலாற்றாசிரியர்களின் நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தால் படம் கொஞ்சம் முழுமையாகும்.

1966-ல், தன் காலத்தின் வரலாற்றை எழுத ஆவணம் தேடி லண்டன் போனார் சி.பி. செப்டம்பர் 26-ல் அங்கே நேஷனல் லிபரல் கிளப்பில் பத்திரிகையாளரோடு பேசிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வயது 86. அந்தப் புத்தகம் எழுதப்படாமலே போயிற்று.

பெரிய பங்களாக்கள் அடுக்குமாடிகளாக மாறிய ஆழ்வார்பேட்டையில், ‘தி குரோவ்’ வேறு மாதிரி பிழைத்தது. சி.பி.ராமசாமி ஐயர் அறக்கட்டளை அங்கிருந்து இயங்குகிறது. கலை மையம், பள்ளி, ஆய்வு நிறுவனம் என்று பல வேலைகள். கொள்ளுப்பேத்தி நந்திதா கிருஷ்ணா அதை நடத்துபவர்களில் முதன்மையானவர். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துடன் சேர்ந்து 1989-ல் அங்கே சுற்றுச்சூழல் கல்வி மையம் தொடங்கப்பட்டது. நீலகிரியும் அதன் பணிக்களங்களில் ஒன்று. மலை ஆற்றைக் குழாயில் அடைத்து மின்சாரம் எடுத்தவரின் பெயரில், மலைக்காட்டைக் காப்பாற்றும் பாடம் நடக்கிறது.

அக்டோபர் தோறும் ஆலப்புழையில் புன்னப்புரை-வயலார் தியாகிகளுக்குச் செங்கொடி ஏற்றுகிறார்கள். அந்தக் கணக்கு அங்கே முடியவில்லை, முடியவும் வேண்டியதில்லை. நீலகிரியில் பைக்காராவின் தண்ணீரை வைத்து 150 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையம் 2005-ல் வந்தது. இப்போது ஆற்று நீரில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. 1932-ல் தொடங்கிய பழைய நிலையத்துக்கு வேலை குறைந்துவிட்டது. பைக்காராவை அரசே எடுத்து நடத்தட்டும் என்று கோட்டையில் எடுத்த முடிவு மட்டும் மாறவில்லை: இரண்டு நிலையங்களும் இன்றும் தமிழ்நாட்டு அரசின் மின் நிறுவனத்துக்கே சொந்தம்.